மேல் மண் உங்களுக்கு! அடி மண் யாருக்கு?

கனடாவில் வயலும், சிற்றூர் வீடும், ஏரிக்கரை மனையும் வாங்குவது எப்படி?

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. கோதுமை விளையும். பார்லி விளையும். கனோலா என்ற எண்ணெய் வித்தும் விளையும். கோடையில் கனோலா பூத்துவிட்டால், பூமிக்கு மஞ்சள் புடவை கட்டியது போல இருக்கும். குளிர்காலத்தில் அதே பூமி முழுவதும் வெள்ளை. எல்லாம் பனி!

இந்தச் சமவெளிக்குப் "பிரெய்ரி" என்று பெயர்.

மாகாணத்தின் நாட்டுப்புறத்தைக் "கவுன்டி"களாகப் பிரித்திருக்கிறார்கள். கவுன்டி என்பது நம் பஞ்சாயத்து யூனியன் மாதிரி. மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சபையைத் தேர்ந்தெடுப்பார்கள். சாலை போடுவது, வரி வாங்குவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது எல்லாம் அந்தச் சபையின் வேலை.

அப்படிப்பட்ட கவுன்டிகளில் ஒன்று வெட்டாஸ்கிவின். மாகாணத்தின் தலைநகரான எட்மன்டனில் இருந்து சுமார் 70 கிலோ மீட்டர் தெற்கே போனால் வெட்டாஸ்கிவின் நகரம் வரும். "சமாதானம் ஏற்பட்ட குன்றுகள்" என்பது அந்தப் பெயரின் பொருள். அது கிரீ என்ற பழங்குடி மக்களின் சொல். நகரத்தைச் சுற்றிலும் இருப்பது கவுன்டி. கிழக்கே விளைநிலம். மேற்கே போகப் போக மரங்கள். சுமார் 50 கிலோ மீட்டர் போனால் ஒரு பெரிய ஏரி. அதன் பெயர் பிஜன் ஏரி. அதாவது புறா ஏரி!

எட்மன்டனில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இந்த இடத்தின் மேல் ஆசை வருவது இயல்பு. நகரத்தில் ஒரு வீடு வாங்கும் பணத்துக்கு இங்கே வீடும் தோட்டமும் கிடைக்குமே என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் கண்ணால் பார்க்கிற நிலம் வேறு. பத்திரத்தில் வருகிற நிலம் வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டினால், ஆயுள் முழுவதும் சேர்த்த காசுக்கு ஆபத்து.

அது என்ன வித்தியாசம்?

சதுரம் சதுரமாக ஒரு நாடு

விமானத்தில் இருந்து பார்த்தால் இந்தப் பூமி சதுரங்கப் பலகை போல இருக்கும். காரணம், குடியானவர்கள் வருவதற்கு முன்பே சர்வேயர்கள் வந்துவிட்டார்கள். சங்கிலி பிடித்து நாட்டையே சதுரமாக வெட்டிவிட்டார்கள்.

6 மைல் நீளம், 6 மைல் அகலம் உள்ள சதுரத்துக்கு "டவுன்ஷிப்" என்று பெயர். அதற்குள் 36 சிறு சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு ஒரு மைல். இதற்கு "செக்‌ஷன்" என்று பெயர். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நான்காக மடித்தால் ஒரு கால். ஒரு கால் 160 ஏக்கர்.

இன்றைக்கும் நாட்டுப்புறத்தில் நிலம் பேசுகிறவர்கள் "கால்" கணக்கில்தான் பேசுவார்கள். "எனக்கு மூன்று கால் இருக்கிறது" என்று ஒரு விவசாயி சொன்னால், அவருக்கு 480 ஏக்கர் இருக்கிறது என்று அர்த்தம்!

விலாசமும் அப்படியே. "வடமேற்குக் கால், 15-வது செக்‌ஷன், 46-வது டவுன்ஷிப், 24-வது ரேஞ்ச், 4-வது மெரிடியனுக்கு மேற்கு" என்று பத்திரத்தில் இருக்கும். பயந்துவிடாதீர்கள். அமெரிக்க எல்லையில் இருந்து வடக்கே எண்ணினால் 46-வது கட்டம். மாகாணத்தின் கிழக்கு எல்லையில் இருந்து மேற்கே எண்ணினால் 24-வது கட்டம். அவ்வளவுதான். வரைபடத்தில் விரல் வைத்தால் இடம் கிடைத்துவிடும்.

10 டாலருக்கு 160 ஏக்கர்!

இந்த நிலம் முதலில் கிரீ மக்களும் மற்றப் பழங்குடி மக்களும் வாழ்ந்த பூமி. 1876-ல் கனடா அரசாங்கம் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. அதற்கு 6-வது உடன்படிக்கை என்று பெயர். அதன்பிறகு அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு "ரிசர்வ்" என்கிறார்கள். ரிசர்வ் நிலத்தை வெளியார் கிரயம் வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் எடுக்கலாம். ஏரிப் பக்கம் மனை மலிவாக வருகிறது என்றால், அது கிரயமா, குத்தகையா என்பதுதான் முதல் கேள்வி.

மற்ற நிலத்தை அரசாங்கம் குடியேறியவர்களுக்குக் கொடுத்தது. 1872-ல் சட்டம் வந்தது. 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். ஆனால் சும்மா இல்லை. மூன்று ஆண்டு அங்கே குடியிருக்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். நிலத்தை உழ வேண்டும். அப்புறம்தான் பட்டா.

பல பேர் புல் கட்டிகளை வெட்டி அடுக்கி, அதையே வீடாக்கிக் கொண்டு குளிர்காலத்தைக் கழித்தார்கள். முடியாதவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

1891-ல் கால்கரிக்கும் எட்மன்டனுக்கும் இடையே ரெயில் ஓடியது. வெட்டாஸ்கிவினில் ரெயில் நின்றது. ரெயில் நின்ற இடத்தில் கடை வந்தது. கடை வந்த இடத்தில் ஊர் வந்தது.

அடியில் இருப்பது யாருக்கு?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

நிலம் வாங்கினால் பூமிக்கு அடியில் இருப்பதும் நமக்குத்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆல்பர்ட்டாவில் அப்படி இல்லை. 1887-க்குப் பிறகு கொடுத்த நிலங்களில், கனிமங்களை அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டது. சில நிலங்களின் கனிமம் ரெயில்வே கம்பெனிகளுக்குப் போய், அங்கிருந்து கைமாறியது. 1930-ல் கனடா அரசாங்கம் தன் பங்கை மாகாணத்துக்குக் கொடுத்தது. இன்று மாகாணத்தின் கனிம உரிமையில் ஐந்தில் நான்கு பங்கு மாகாண அரசாங்கத்திடம் இருக்கிறது.

1947 பிப்ரவரி 13-ந் தேதி. வடக்கே, பக்கத்துக் கவுன்டியான லெடூக்கில், ஒரு பண்ணை வயலில் எண்ணெய் பீறிட்டது. மாகாணத்தின் தலையெழுத்தே மாறிவிட்டது. அன்று முதல் பண்ணைகளுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் முளைத்தன.

எண்ணெய் எடுக்கும் உரிமை பெற்ற கம்பெனி உங்கள் வயலுக்குள் வரலாம். "வராதே" என்று நீங்கள் கதவைச் சாத்த முடியாது. முதலில் உங்களிடம் பேசி மேல்மண் குத்தகை எழுதிக் கேட்பார்கள். நீங்கள் மறுத்தால், நில உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் அனுமதி கேட்பார்கள். அனுமதி கிடைத்துவிட்டால் கிணறு தோண்டுவார்கள். ஆனால் இடத்துக்கும் விளைச்சல் நஷ்டத்துக்கும் ஆண்டுதோறும் பணம் தர வேண்டும்.

ஆகவே வயலில் கிணறு இருந்தால் அது நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. வாடகை வருமானமும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வாடகை எவ்வளவு? ஒழுங்காக வருகிறதா? நிலம் கைமாறினால் வாடகை யாருக்கு?

இன்னொன்று. வேலை முடிந்து அடைத்துவிட்ட பழைய கிணறுகள் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. மேலே பார்த்தால் புல்தான் தெரியும். அதன் மேல் வீடு கட்டக்கூடாது. சுற்றிலும் குறைந்தது 5 மீட்டர் விட வேண்டும். எந்தெந்த இடத்தில் கிணறு இருந்தது என்று மாகாண எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வரைபடமே வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

வேலிக்குள் ஒரு சாலை

நாட்டைச் சதுரமாக வெட்டியபோது, சாலைக்கு என்று 66 அடி அகலத்துக்கு இடம் விட்டார்கள். வடக்கு தெற்காக ஒரு மைலுக்கு ஒன்று. கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. எல்லா இடத்திலும் சாலை போடவில்லை. போடாத இடத்தில் புல் முளைத்துக் கிடக்கும். சில விவசாயிகள் வேலியைத் தள்ளிப் போட்டு அதையும் சேர்த்து உழுவார்கள்.

வாங்குகிறவர் வேலியைப் பார்த்து, "இது வரைக்கும் நம்முடையது" என்று நினைத்துவிடுவார். இல்லை! அது பொதுச் சொத்து. கவுன்டி ஒரு நாள் சாலை போட வந்தால், தோட்டமும் கொட்டகையும் போய்விடும். வேலி எல்லை அல்ல. சர்வே கல்தான் எல்லை.

தண்ணீர் உண்டா?

வயல் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வராது. சொந்தக் கிணறு வேண்டும். அல்லது லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்ப வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்கு 1,250 கன மீட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் எடுக்கலாம். அதாவது 12 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். சட்டம் கொடுக்கிறது, கிணறு கொடுக்குமா? அதுதான் கேள்வி. கிணறு தோண்டியவர் எழுதிய பழைய அறிக்கையை அரசாங்கப் பதிவில் தேடலாம். எவ்வளவு ஆழம், எவ்வளவு ஊற்று என்று அதில் தெரியும். தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கழிவு நீருக்கும் சொந்த ஏற்பாடுதான். மண்ணுக்குள் தொட்டி. அதில் இருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். இந்த ஏற்பாடு பழுதானால் புதிதாகச் செய்யப் பெருந்தொகை ஆகும். பார்க்க வருகிறவர்கள் சமையல் அறையைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். மண்ணுக்குள் இருக்கிற தொட்டியை யாரும் கேட்பதில்லை!

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பக்கத்தில் மாட்டுப் பண்ணை இருந்தால் வாடை வரும். விவசாயி வழக்கமான முறைப்படி தொழில் செய்தால், வாடைக்காக அவர் மேல் வழக்குப் போட்டு வெல்வது கடினம். சட்டம் அவர் பக்கம். ஆகவே காற்று அடிக்கும் நாளில் ஒருமுறை போய் நின்று பார்ப்பது நல்லது.

சிற்றூர் வீடு ஏன் மலிவு?

வயல் வேண்டாம், ஊருக்குள் வீடு போதும் என்கிறவர்கள் உண்டு. இங்கே குழாய் உண்டு. சாக்கடை உண்டு. தெரு விளக்கு உண்டு. வெட்டாஸ்கிவின் நகரத்தில் 2021 கணக்குப்படி சுமார் 12,500 பேர். அதைவிடச் சிறிய ஊர்களும் கவுன்டியில் இருக்கின்றன. அங்கே வீடு இன்னும் மலிவு.

மலிவு என்றால் காரணம் இருக்கும். பள்ளிக்கூடம் நடக்கிறதா? ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? கடை உண்டா? ஊரில் ஆட்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா?

ஆள் குறைந்தால் ஊருக்கு வரி வருமானம் குறையும். குழாய் மாற்றவும் சாலை போடவும் பணம் இருக்காது. கடைசியில் ஊரையே கலைத்துவிடுவதும் உண்டு. பக்கத்துக் கவுன்டியான காம்ரோஸில், பெரின்டோஷ் என்ற கிராமத்தின் தனி நிர்வாகம் 2020 ஜனவரி 1-ந் தேதி கலைக்கப்பட்டது. கிராமம் கவுன்டியோடு சேர்ந்துவிட்டது. வீடுகள் அங்கேயே இருக்கின்றன. மக்களும் இருக்கிறார்கள். ஊர்ச் சபைதான் இல்லை.

வீடு பழையதாக இருந்தால் அஸ்திவாரம், மின்சாரக் கம்பி, கூரை மூன்றையும் தேர்ந்த ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். 2011 முதல் வீட்டுப் பரிசோதகர்களுக்கு அங்கே லைசென்ஸ் கட்டாயம்.

ஏரி தெரியும், கரை வராது!

எல்லாரும் ஆசைப்படுவது ஏரிக்கரை வீட்டுக்குத்தான். பிஜன் ஏரி சுமார் 97 சதுர கிலோ மீட்டர். ஆனால் எங்குமே 10 மீட்டர் ஆழம் கிடையாது. அதன் கரையில் 10 "கோடைக் கிராமங்கள்" இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு வருகிறவர்களால் உண்டான ஊர்கள் இவை. அதனால் தேர்தல் கூடக் கோடையில்தான்! எட்மன்டனில் குடியிருப்பவர்கள் கூட, இங்கே மனை இருந்தால் இங்கே ஓட்டுப் போடலாம்.

"ஏரிக்கரை மனை" என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் ஏரியின் அடித்தளமும், தண்ணீர் ஏறி இறங்கும் கரையும் அரசாங்கத்துக்குச் சொந்தம். உங்கள் மனை, செடி கொடி முளைக்கும் மேட்டோடு முடிந்துவிடும். அரசாங்கத்தின் விதிப்படி அல்லாமல் படகுத் துறை கட்டக்கூடாது. மணல் கொட்டக்கூடாது. நாணலை வெட்டக்கூடாது. மீறினால் அபராதம்.

அதோடு போகவில்லை. நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது, ஏரி ஓரமாக 6 மீட்டருக்குக் குறையாத ஒரு துண்டை உள்ளூர்ச் சபை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் மனைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஊருக்குச் சொந்தமான இடம் இருக்கக்கூடும். அதில் யாரும் நடக்கலாம். பழைய வீடுகளில் திண்ணையும் படிக்கட்டும் அந்த இடத்துக்குள் நீண்டிருப்பது உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி சர்வேயர் போட்ட வரைபடம். எந்தக் கட்டடம் எந்த எல்லையில் நிற்கிறது என்று அது காட்டிவிடும்.

தண்ணீரும் எப்போதும் தெளிவாக இராது. ஆழம் குறைந்த ஏரி. வயல் உரமும் வீட்டுக் கழிவும் சேர்ந்தால் பாஸ்பரஸ் ஏறும். வெயில் காலத்தில் நீலப் பச்சைப் பாசி படரும். அப்போது "குளிக்காதீர்கள்; நாய்களை இறங்க விடாதீர்கள்" என்று சுகாதார இலாகா எச்சரிக்கை செய்யும். ஜூன் மாதத்தில் பார்த்து மயங்கியவர்கள் ஆகஸ்டு மாதத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கோடை வீடு என்றால் கோடைக்கு மட்டும்தான். சுவரில் குளிர் தடுப்பு இருக்காது. ஜனவரியில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். ஆண்டு முழுவதும் குடியிருக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்திரம் பேசும்

இத்தனை வில்லங்கத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆல்பர்ட்டாவில் நடப்பது "டாரன்ஸ்" முறை. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்தார். 1887 முதல் கனடாவின் இந்தப் பகுதியிலும் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் மூலப் பத்திரத்தைத் தேடித் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போவோம். அங்கே அது வேண்டாம். அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அதற்கு அரசாங்கமே உத்தரவாதம்.

சிறு கட்டணம் கட்டினால் யாரும் அந்தப் பதிவைப் பார்க்கலாம். அடமானம், எண்ணெய்க் குத்தகை, மின்சாரக் கம்பி போகும் பாதை, வழக்கு எச்சரிக்கை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். "கனிமங்கள் நீங்கலாக" என்ற வரியும் இருக்கும். இந்த வரியைப் படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள்.

மனைவியின் கையெழுத்து

இதில் பெண்களின் கதை ஒன்றும் உண்டு. 160 ஏக்கர் கொடுத்த காலத்தில், கணவனோடு வாழும் பெண்ணுக்குத் தன் பெயரில் நிலம் கிடையாது. ஆனால் பாடுபட்டவள் அவளும்தான். கணவன் ஒரு நாள் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டால், அவளுக்கு நிற்க நிழல் இல்லை. கேட்க நாதியும் இல்லை.

இதை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர் எமிலி மர்பி. 1916-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் மாஜிஸ்திரேட் ஆனவர் அவர். 1917-ல் ஆல்பர்ட்டாவில் சட்டம் வந்தது. மனைவியின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் வீட்டைக் கணவன் விற்க முடியாது என்று ஆயிற்று. ஆகவே விற்கிறவர் கல்யாணம் ஆனவரா, துணையின் கையெழுத்து உண்டா என்பதையும் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

நாம் வாங்கலாமா?

இங்கிருந்து பணம் அனுப்பி அங்கே நிலம் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கனடாப் பிரஜைக்கும், நிரந்தரக் குடியுரிமை பெற்றவருக்கும் தடை இல்லை. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆல்பர்ட்டாவின் நாட்டுப்புறத்தில் வெளிநாட்டார் இரண்டு துண்டுக்கு மேல் வாங்க முடியாது. இரண்டும் சேர்ந்து 20 ஏக்கரைத் தாண்டக்கூடாது. இது போக, பெரிய ஊர்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வெளிநாட்டார் வீடு வாங்குவதற்கு, கனடா அரசாங்கம் 2023 ஜனவரி 1 முதல் தடை போட்டது. அந்தத் தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது.

அவசரம் வேண்டாம்

வாங்குவது என்று முடிவு செய்தால் நிபந்தனையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். "வங்கிக் கடன் கிடைத்தால், தண்ணீர் பரிசோதனை சரியாக இருந்தால், வீட்டுப் பரிசோதனை சரியாக இருந்தால் வாங்குகிறேன்" என்று எழுதுவது அங்கே வழக்கம். அதில் ஒன்று தவறினாலும் முன்பணம் திரும்ப வரும். நிபந்தனை இல்லாமல் எழுதிவிட்டுப் பிறகு பின்வாங்கினால் பணம் போகும்.

நிலத்தை இரண்டு பருவத்தில் பார்க்க வேண்டும். கோடையில் பார்த்தால் அழகு தெரியும். பனி உருகும் வசந்தத்தில் பார்த்தால் உண்மை தெரியும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சாலை சேறாகிறது, நிலவறையில் எவ்வளவு ஈரம் என்று அப்போது தெரிந்துவிடும்.

அடியில் இருப்பது மற்றவருக்கு. வேலி ஓரம் ஊருக்கு. ஏரிக்கரை அரசாங்கத்துக்கு. நடுவில் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அந்த மிச்சமே போதும் என்று தெரிந்து வாங்குகிறவர் அங்கே நிம்மதியாக இருப்பார். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு. இரவில் வானம் நிறைய நட்சத்திரம் உண்டு. சில இரவுகளில் வடக்கே பச்சை ஒளி திரை போல ஆடுவதையும் பார்க்கலாம். அதற்கு மட்டும் பத்திரம் தேவை இல்லை!